திரும்ப இடமில்லாத கூடு

மூன்று வருடமாக நிற்காத சத்தம் அன்று மத்தியானம் நின்றுபோனது.

தாய்ப்பன்றி கம்பியைக் கடிக்கும் சத்தம் அது. விடியும்போது கடக், கடக் என்று ஆரம்பித்தால் இருட்டும்வரை கேட்கும். இரணியல் பக்கத்தில் வீட்டுக்குப் பின்னாலேயே ஷாஜன் கட்டிய பண்ணையில் அதற்கு வேறென்ன வேலை? நிற்கலாம், படுக்கலாம், திரும்ப முடியாது. தலைக்கு மேலேயும் கம்பி வைத்து, அளவெடுத்து அடித்த இரும்புக் கூடு.

"கேட்டியளா, சத்தம் கேக்கலியே," என்றாள் அவன் மனைவி நேசபாய், சோறு பரிமாறிக்கொண்டே. "கொஞ்சம் வைக்கோலாவது போடுங்கன்னு எத்தன மட்டம் சொன்னேன்! கர்த்தரு எல்லாம் பாத்துக்கிட்டுதான் இருக்காரு."

"சும்ம கெடட்டி. திரும்ப எடம் குடுத்தா தின்னது உடம்புல புடிக்காது." கையைக் கழுவிவிட்டுக் குடையை எடுத்தான். இரக்கமெல்லாம் அவனுக்கு ஆகாத சாமான்.

தகரக் கூரையில் மழை கொட்டியது. கரண்ட் இல்லை. மூத்திர நெடி கண்ணைக் கரித்தது. வழக்கமாக அந்த நெடியோடு நாற்பது குட்டிகளின் அலறலும் சேர்ந்து வரும். வெறும் சிமெண்ட் தரையில் மூக்கால் கிளற ஒன்றுமில்லாமல், முன்னால் நிற்பதன் வாலைப் பின்னால் நிற்பது கடித்துக் குதறும் அலறல். அதற்கு ஷாஜன் கண்ட வைத்தியம் குறடு. குட்டி பிறந்ததும் மரத்துப்போக ஊசிகூடப் போடாமல் வாலைப் பாதிக்கு நறுக்கிக் குழியில் எறிந்துவிடுவான்; மிச்ச அடிவாலையும் அவை விடவில்லை. இன்று ஒன்றும் கத்தவில்லை. தடுப்புக்கு மேலே வரிசையாகத் தலைகள். எல்லாம் அவனையே பார்த்தன.

கூடு காலி. பின்கதவு திறந்திருந்தது.

உள்ளே தீவனத் தொட்டியில் என்னவோ கும்பலாகக் கிடந்தது. இருட்டில் பிடிபடவில்லை. ஷாஜன் கையையும் முழங்காலையும் ஊன்றி நுழைந்தான், தலையை நீட்டிப் பார்த்தான்.

வால்கள். மூன்று வருடமாக அவன் நறுக்கி எறிந்தவை. ஒன்றுகூட அழுகவில்லை. ரத்தம் காயவில்லை.

பின்னால், டக்.

பன்றி உள்ளே போனதும் தானாக விழுகிற கொக்கி. வெளியிலிருந்துதான் திறக்கும். அவனே யோசித்துச் செய்தது.

திரும்ப முயன்றான். தோள் கம்பியில் இடித்தது. இன்னொரு பக்கம். அங்கேயும் கம்பி.

"ஏட்டி! நேசம்!"

மழை குரலை விழுங்கியது.

பின்னால் மூச்சு. ஈர மூக்கு ஒன்று கம்பி இடுக்கு வழியாகக் குதிகாலை மோந்தது. இன்னொன்று. மேலே ஏறியது.

"வைக்கோல் போடுதேன்... தொறந்து விடுதேன்... வேண்டாம்..."

முதல் கடி.

வலியில் வாய்க்கு எட்டியது முன்னாலிருந்த கம்பிதான். கடித்தான். கடக். அடுத்த கடி. கடக்.

மழை சட்டென்று விட்டது. அடுக்களை ஜன்னலிலிருந்து நேசபாயின் குரல் தெளிவாகக் கேட்டது.

"சத்தம் வந்துட்டே! பண்ணிக்கு ஒண்ணுமில்லல்லா?"

கத்த நினைத்தான். பல் கம்பியை விடவில்லை.

கடக், கடக்.