காலடிக் கூட்டணி

செவ்வாயில் பொழுது விடிந்தால் நாலாம் வளையத்தில் முதலில் கேட்பது உலகம்மை கதவு தட்டும் சத்தம்தான். கண்ணாடிக் கூரைக்கு மேலே சூரியன் சுண்டைக்காய் அளவில் எட்டிப் பார்க்கும்போதே அவள் நடையாடையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பிவிடுவாள். வட்டமாகச் சுற்றி வரும் அந்தத் தெருவில் ஒவ்வொரு கதவும் திறக்கும். ஒவ்வொரு நடையாடையும் வெளியே வரும். எல்லோருமாகத் தெருவைச் சுற்றி நடப்பார்கள்.

நடையாடை இல்லாமல் அங்கே யாரும் தெருவில் இறங்க முடியாது. கூரைக்கடியில் காற்று மெல்லியது. குளிர் எலும்பைத் துளைக்கும். அதனால் தலையிலிருந்து கால்வரை ஒரே உறை, முகத்துக்கு முன்னால் கறுத்த கண்ணாடி, மூச்சுக்கு மூக்குறை, பேச்சுக்குக் காதில் ஒலிபெருக்கி. உடம்புக்குக் கனம் கூட்ட முதுகிலும் முழங்காலிலும் ஈயக் குண்டுகள் வைத்துத் தைத்திருப்பார்கள். பூமியில் அறுபது கிலோ கனக்கிறவர் செவ்வாயில் இருபத்து மூன்று கிலோதான் கனப்பார். இந்தச் சொகுசுதான் வினையாயிற்று. உடம்பு கனக்காததால் கொழுப்பு ஏறுவதே தெரிவதில்லை. முட்டி முனகாது, மூச்சு வாங்காது. ஒருநாள் இதயம் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும்.

உலகம்மையின் கணவன் வேலாயுதத்துக்கு அப்படித்தான் ஆயிற்று. திரையில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டே சாய்வு நாற்காலியில் சரிந்தான். மருத்துவ வண்டி சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் அவனை வாசல் வழியே வெளியே எடுக்க முடியவில்லை. கதவுச் சட்டத்தைக் கழற்ற வேண்டியிருந்தது. கழற்றி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இனி இந்தத் தெருவில் எந்தக் கதவையும் கழற்றக் கூடாது என்று அன்றைக்கே அவள் மனசுக்குள் முடிவு செய்தாள்.

தனி ஆளாக என்ன செய்ய முடியும்? தெருவையே சேர்த்துக்கொண்டாள். பொதுச் சமையற்கூடத்துச் சுடலைமுத்துவிடம் போய் எண்ணெயைப் பாதியாகக் குறைக்க வைத்தாள். கோயில் கமிட்டியிடம் மல்லுக்கு நின்று சர்க்கரைப் பொங்கலைச் சுண்டலாக மாற்றினாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஓடியாட ஒரு மணி நேரம் வாங்கினாள். மருத்துவமனையையும் கூட்டுச் சேர்த்தாள். இப்படிப் பிறந்ததுதான் காலடிக் கூட்டணி. வாரம் ஒருமுறை எல்லோரும் எடை பார்க்கலாம் என்று அவள் சொன்னபோது மட்டும் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. எடை பார்த்தால் மனசு புண்படுமாம். சரி, காலடியை மட்டும் எண்ணுவோம் என்று விட்டுக்கொடுத்தாள். அதற்கு ஈடாக ஒரு விதியைச் சேர்த்தாள்: ஒரே ஒரு வீட்டார் நடக்காவிட்டாலும் அன்றைக்குத் தெரு முழுவதற்கும் காலடிக் கணக்கு பூஜ்யம். வெட்கத்துக்காகவாவது வந்துவிடுவார்கள் என்பது அவள் கணக்கு.

கணக்குப் பலித்தது. நாலாம் வளையம் ஒருநாள்கூடப் பூஜ்யம் வாங்கியதில்லை. குடியிருப்பு நுழைவாயிலில் உள்ள பெரிய பலகையில் ஓராண்டாக அதற்குத்தான் முதலிடம்.

இவ்வளவையும் அவள் ஊருக்காகத்தான் செய்தாள். என்றாலும் உள்ளுக்குள் ஒருத்திக்காகச் செய்தாள். பதினோராம் வீட்டுச் சண்பகம் அவளோடு ஒரே விண்கப்பலில் தென்காசியிலிருந்து வந்தவள். வேலாயுதத்தின் இதயத்தைப் போலவே சண்பகத்தின் இதயமும் கொழுப்பேறிக் கிடக்கிறது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். புருஷனைப் பறிகொடுத்தாயிற்று, இவளையும் விடமாட்டேன் என்று உலகம்மை தினமும் அவள் பக்கத்திலேயே நடந்தாள். நடக்கும்போது வாய் ஓயாமல் பேசினாள். வேலை திரையில், கல்யாணம் திரையில், சாப்பாடு தள்ளுவண்டியில் வாசலுக்கே வந்துவிடும் என்று வாழ்கிற ஊரில், மனுஷரோடு மனுஷர் தோள் உரச நிற்பது அந்த நேரம் மட்டும்தான்.

அன்றைக்கும் பேசிக்கொண்டுதான் நடந்தாள்.

"நேத்து மவன் பேசினாம்ட்டி" என்றாள். "அவன் எனக்குச் சொல்லாமக் கல்யாணம் முடிச்சதுல இருந்து நேத்துதான் மொத தடவ கூப்பிட்டிருக்கான்."

"அப்படியா? நல்ல காரியம்ட்டி. என்ன சொன்னான்?" என்றது காதுக்குள் சண்பகத்தின் குரல்.

உலகம்மை பதில் சொல்லும் முன் வேறொரு குரல் குறுக்கே வந்தது. அது நெஞ்சுக்காவலின் குரல். செவ்வாய்க்காரர் ஒவ்வொருவர் மார்பிலும் அரிசி அளவில் ஒன்று பதித்திருக்கும். துடிப்பு தடுமாறினால் தெருவுக்கே அறிவித்துவிடும்.

"நாலாம் வளையம், பதினோராம் வீடு. சண்பகம். இதயத் துடிப்பு அடங்கிக்கொண்டிருக்கிறது. அருகில் இருப்பவர்கள் உடனே உதவவும்."

உலகம்மை திரும்பினாள். பக்கத்தில் நின்றவளின் தோளைப் பிடித்து அழுத்தினாள். "ஏட்டி! நெஞ்சு வலிக்கா? உக்காரு, இங்கனயே உக்காரு!"

"எனக்கு ஒண்ணும் இல்லட்டி. நீ மேல சொல்லு. மவன் என்ன சொன்னான்?"

உலகம்மை அவள் முகக் கண்ணாடியைத் தூக்கினாள். உள்ளே முகம் இல்லை. இரண்டு கண்ணாடி வில்லைகளும் ஒரு சின்னப் பச்சை விளக்கும் இருந்தன.

அது பதிலி. குடியேறும்போது வீட்டுக்கு ஒன்று என்று எல்லோருக்கும் கொடுத்த எந்திர ஆள். புழுதிப் புயல் நேரத்தில் வீட்டுக்காரருக்குப் பதில் வெளியே போய் வேலை பார்க்கும். அவர் குரலில், அவர் தோரணையில் பேசும். பேசியதையும் கேட்டதையும் வீட்டுத் திரையில் சேர்த்து வைக்கும். உலகம்மை வீட்டுப் பதிலி வேலாயுதத்தின் சட்டைகளோடு அலமாரியில் கிடந்தது. அதைத் தொடவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

அவள் கத்தினாள். தெருவில் நடந்துகொண்டிருந்த ஒருவரும் நிற்கவில்லை. எல்லா நடையாடைகளும் ஒரே சீராக அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. ஏன் நிற்கவில்லை என்பது ஓடும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

பதினோராம் வீட்டுக் கதவு தாழிட்டிருக்கவில்லை. சண்பகம் சாய்வு நாற்காலிக்கும் தரைக்கும் நடுவில் சரிந்து கிடந்தாள். மடியில், சமையற்கூடம் பொரித்தனுப்பிய முந்திரிக்கொத்துப் பலகாரத் தட்டு. எண்ணெய் மினுங்கிய அந்தத் தட்டைப் பார்த்ததும் சுடலைமுத்து எண்ணெயைக் குறைத்த லட்சணமும் தெரிந்துவிட்டது. உலகம்மை அவளைத் தரையில் கிடத்தி, மருத்துவ வண்டி வரும்வரை நெஞ்சை அமுக்கிக்கொண்டே இருந்தாள். அமுக்கும்போது அழுகை வந்தது. எதற்கு அழுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

சண்பகம் பிழைத்துக்கொண்டாள்.

மருத்துவமனையில் கண் விழித்தவள் முதலில் பார்த்தது உலகம்மையைத்தான். தொற்று வரக்கூடாது என்று அங்கேயும் பார்வையாளர்கள் நடையாடையோடுதான் வரவேண்டும். உலகம்மை முகக் கண்ணாடியைத் தூக்கிக் காட்டினாள்.

"நாந்தாம்ட்டி. ஏன் இப்படிச் செஞ்ச?"

சண்பகம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "மொத நாலஞ்சு நாளு நெசமாத்தாம்ட்டி வந்தேன். அந்த ஈயத்தக் கட்டிக்கிட்டு நடக்க முடியல. வரலன்னா தெருவுக்கே பூஜ்யம்னு நீதான விதி போட்ட? அப்புறம் ஒம் மூஞ்சியில எப்படி முழிக்க? அதான் பதிலிய அனுப்பிட்டேன்."

"மத்தவங்க?"

"எல்லாரும்தான்."

"ஒரு வருசமாவா? எனக்கு மட்டும் தெரியாமலா?"

சண்பகம் அவளை வியப்போடு பார்த்தாள். அந்த வியப்பில் பொய் இல்லை. "ஏட்டி, நீயும் பதிலியத்தான் அனுப்புதன்னுல்லா நெனச்சோம்! தெனமும் நெசமாவே எந்திரிச்சு வந்து கதவத் தட்டுத கிறுக்கச்சி ஒருத்தி இருப்பான்னு யாரு கண்டா?"

உலகம்மை தூக்கிய கண்ணாடியை இறக்கிவிட்டாள். அது சண்பகத்துக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். பேச்சை மாற்றினாள். "சரி, அத விடு. ஒம் மவனுக்குப் பொண்ணு கிண்ணு பாத்தாச்சா? கல்யாணத்துக்குள்ள நான் எந்திரிச்சிருவேன்."

முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. மகன் சொல்லாமல் கல்யாணம் முடித்த சேதியை உலகம்மை உலகத்தில் ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தாள். நடு வழியில் நின்று, தோளில் சாய்ந்து, மூக்குறைக்குள் மூச்சு முட்ட அழுதிருந்தாள். அந்தத் தோள் இவளுடையதில்லை. பதிலி சேர்த்து வைத்ததை இவள் ஒருநாள்கூடத் திறந்து கேட்டதும் இல்லை.

"ஒடம்பப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

மறுநாள் அவள் கதவு தட்டப் போகவில்லை. தட்டாமலே எல்லாக் கதவுகளும் திறந்தன. எல்லா நடையாடைகளும் வெளியே வந்து, தெருவைச் சுற்றிவிட்டு உள்ளே போயின. மத்தியானம் பலகையில் நாலாம் வளையத்துக்கு நேரே முதன்முறையாகப் பூஜ்யம் விழுந்தது. அதன் பிறகு அவள் வீட்டுத் திரை ஓயவே இல்லை. அத்தனை பேருக்கும் கோபம்.

"என்ன மதினி, ஒங்க ஒருத்தியால தெருவுக்கே தலகுனிவு" என்றார் சுடலைமுத்து. அவர் தாடை திரையின் சட்டத்துக்குள் அடங்கவில்லை. "வர முடியலன்னா ஒரு பதிலிய அனுப்பக் கூடாதா? மத்தவங்க எல்லாம் எவ்வளவு ஒழுங்கா நடக்கோம்!"

உலகம்மைக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்பு இல்லை. அலமாரியைத் திறந்து வேலாயுதத்தின் சட்டைகளை ஒதுக்கி, பதிலியை வெளியே இழுத்துத் தன் நடையாடையை அதற்கு மாட்டிவிட்டாள். அது நன்றாகவே நடந்தது. கதவும் தட்டியது. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அங்கே யாரும் இல்லை. பலகையில் முதலிடம் திரும்ப வந்தது. உலகம்மை சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து சுடலைமுத்துவின் முந்திரிக்கொத்தை முதன்முறையாகத் தின்று பார்த்தாள். தெரு முழுவதும் ஏன் மயங்கிக் கிடந்தது என்று புரிந்தது.

சில நாள் கழித்து மருத்துவமனையிலிருந்து சண்பகம் பதிந்தனுப்பிய குரல் வந்தது. மெலிந்திருந்தது.

"உலகு, தெருவே பாக்க வந்துட்டுப் போச்சு. ஒண்ணொண்ணா முகக் கண்ணாடியத் தூக்கிப் பாத்தேன். எல்லாம் பதிலி. ஒரு மனுசக் கையப் பிடிக்கணும்போல இருக்குட்டி. நீயாவது நேர்ல வா. ஒன் கண்ணாடியத் தூக்கிப் பாக்க மாட்டேன். நீ நேர்லதான் வருவன்னு எனக்குத் தெரியும்."

உலகம்மை அதைக் கேட்டாள். கேட்டுவிட்டு நடையாடையைக் கையில் எடுத்தாள். ஈயக் குண்டுகள் கனத்தன. மகன் கல்யாணத்தைப் பற்றிச் சண்பகம் கேட்ட கேள்வி நெஞ்சில் வந்து நின்றது. எடுத்த நடையாடையைப் பதிலிக்கு மாட்டி அனுப்பினாள்.

சண்பகம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். கண்ணாடியைத் தூக்கவில்லை. சூடேற்றிய கையுறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"வந்திட்டியா? எனக்குத் தெரியும்ட்டி. ஒரு வருசமா நீ எம் பதிலிகிட்டப் பேசுனத எல்லாம் வீட்டுத் திரையில இருந்து வரவழச்சு, இங்கன படுத்துக்கிட்டு ஒண்ணு விடாமக் கேட்டேன். மவன் கல்யாணம், நீ அழுதது, எனக்காக வேண்டிக்கிட்டது, எல்லாம். பாவி நான், பக்கத்துல இல்லாமப் போனேன். இனிமே தெனமும் நானே வாரேன், நெசமா. அந்த எடத்துல இருந்து மறுபடி சொல்லு. நேத்து மவன் பேசினாம்னு ஆரம்பிச்சியே, என்னட்டி சொன்னான்?"

பதிலி கருணையோடு தலையை ஆட்டியது. அவள் களைத்து உறங்கும்வரை கையை விடவில்லை. பிறகு கேட்டதையெல்லாம் ஒழுங்காக வீட்டுக்கு அனுப்பிவைத்தது.

உலகம்மையின் திரையில் வரி ஒன்று மின்னியது: 'சந்திப்பு நல்லபடி முடிந்தது. நோயாளி பேசியதைக் கேட்க விருப்பமா?'

அவள் சாய்வு நாற்காலியில் இருந்தாள். மடியில் தட்டு இருந்தது. சண்பகம் என்ன சொல்லியிருப்பாள், ஆஸ்பத்திரிக் கதைதானே, என்று நினைத்துக்கொண்டு 'வேண்டாம்' என்பதைத் தொட்டாள். சும்மா விட்டால் நன்றாக இருக்காதே என்று, கைகூப்பும் படம் ஒன்றையும் பக்கத்தில் ஒரு பூவையும் சண்பகத்துக்கு அனுப்பினாள். பூமியில் இருந்த காலத்திலேயே பழகிய வழக்கம். கை தானாகச் செய்தது.

பிறகு தட்டிலிருந்து இன்னொன்றை எடுத்துக்கொண்டாள்.