பானெட்டுக்கு அந்தப் பக்கம்

"அடி!" என்று ஃப்ரெடி குரல் கொடுத்ததும் செல்ஃப் இழுத்தது. கிர்ர்ர், கிர்ர்ர் என்று இஞ்சின் ரெண்டு சுற்று சுற்றியது. "போதும்" என்றார். நின்றது. ஈரத் துணியால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் துடைத்துவிட்டு அடுத்த வயரைக் கையில் எடுத்தபோதுதான் அவருக்கு உறைத்தது: வண்டிக்குள் யாரும் இல்லை. சாவி அவருடைய சட்டைப் பையில் இருந்தது.

தொட்டுப் பார்த்தார். இருந்தது. சாவியோடு கோத்திருந்த மாதா பதக்கம் துணிக்கு மேலேயே விரலில் தட்டுப்பட்டது. நாலு கை மாறி வந்த பழைய மாருதி, மழைத் தண்ணீர் இறங்கி எங்காவது வயரும் வயரும் ஒட்டியிருக்கும், அதுதான் தானாக இழுத்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டார். சரி, இழுத்ததற்கு அது காரணம். "போதும்" என்றதும் நின்றதே, அதற்கு? அதை அவர் யோசிக்கவில்லை, யோசிக்க அவருக்கு நேரமும் இல்லை.

வீட்டுக்குள் மகள் ஜூடி நிறைமாதமாகப் படுத்திருந்தாள். மருமகன் பிராங்கிளின் கப்பல் வேலையில் எங்கேயோ நடுக்கடலில். எர்ணாவூரில் அவர்கள் இருக்கும் சந்து கடலுக்கும் கழிமுகத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட சந்து. மழை பிடித்தால் இரண்டு பக்கத்துத் தண்ணீரும் இங்கேதான் விருந்துக்கு வரும். காலையிலிருந்து விடாத மழை, கரண்டு போய்விட்டது, கணுக்கால் அளவு கறுப்புத் தண்ணீர் ஏறிவிட்டது. ஆட்டோக்காரர்கள் எல்லாரும் வண்டியை மேட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஜூடிக்கு வலி வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக இந்த மாருதியை விட்டால் வேறு நாதி இல்லை.

அன்றைக்குப் பார்த்துக் கல்லறைத் திருநாள் வேறு. தெருவில் மற்ற கிறிஸ்தவக் குடும்பமெல்லாம் காலையிலேயே பூவும் மெழுகுவர்த்தியுமாகப் போய், சமாதியைக் கழுவி, ஜெபம் சொல்லிவிட்டு வந்தாயிற்று. ஜூடி போக முடியாது. மாசமாக இருக்கிற பெண்ணைக் கல்லறைப் பக்கம் கூட்டிப்போவதில்லை, அது அங்கே எல்லா வீட்டிலும் உள்ள கட்டுப்பாடு. ஃப்ரெடியாவது போயிருக்க வேண்டும். வண்டியை எடுத்துக்கொண்டே போகலாம் என்று இருந்தார். வண்டி கிளம்பவில்லை, சரிபார்த்துவிட்டுப் போகலாம் என்று குனிந்தவர், இதோ பொழுது சாய்கிற வரைக்கும் குனிந்தபடியே இருக்கிறார். வாங்கி வைத்த மெழுகுவர்த்தி பிரிக்காமல் ஜன்னலில் கிடந்தது. மனைவி சில்வியாவின் கல்லறையில் மட்டும் இன்றைக்கு வெளிச்சம் இல்லை. பாவி மனுஷன், அது அவர் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டேதான் இருந்தது.

ஃப்ரெடி துறைமுகத்தில் டிரெய்லர் லாரி மெக்கானிக். டீசல் கை. டீசலில் ஸ்பார்க் என்ற பேச்சே கிடையாது. பெட்ரோல் வண்டியின் இந்த மின்சார விவகாரம் அவருக்கு எப்போதும் அந்நியம்தான். காற்றில் ஈரம் ஏறினால் போதும், இந்த வண்டியில் பொறி எங்கேயோ கசிந்து ஓடிவிடும், பிளக்குக்கு வந்து சேராது. இக்னிஷன் காயிலை மாற்றினார், பிளக் வயர் மாற்றினார், ஒன்றும் ஆகவில்லை. வயரின் முனையை இஞ்சினுக்குப் பக்கத்தில் பிடித்துப் பொறி வருகிறதா என்று பார்ப்பது ஒருவர் வேலை. உள்ளே உட்கார்ந்து சாவி திருப்புவது இன்னொருவர் வேலை. பானெட் தூக்கியிருக்கும்போது இவருக்கு அவர் தெரிய மாட்டார். குரல் மட்டும்தான். இவர் "அடி" என்றால் அவர் திருப்ப வேண்டும், "போதும்" என்றால் விட வேண்டும்.

அந்த இன்னொருவர் எப்போதும் சில்வியா. அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது, சாவி திருப்ப மட்டும் தெரியும்.

போன வருஷம் இதே மாதிரி மழை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தவள் வாயு என்று சொல்லித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று இவர் வண்டியை எடுக்க, வண்டி மக்கர் பண்ணியது. "நீ போய்ப் பாரு, நான் குந்திக்கிறேன்" என்று அவளேதான் டிரைவர் சீட்டில் ஏறினாள். இவர் வயரைப் பிடித்துக்கொண்டு "அடி" என்றார், அடித்தாள். "போதும்" என்றார். நிற்கவில்லை. "போதும் சில்வி, பேட்டரி போய்டும்டி" என்று கத்தினார். செல்ஃப் இழுத்துக்கொண்டே இருந்தது. கிர்ர்ர் கிர்ர்ர் என்று, இளைத்து, முனகி, பேட்டரி செத்து அடங்கும்வரை. அப்புறம்தான் சுற்றிவந்து கதவைத் திறந்தார். அவள் தலை ஸ்டியரிங்கில் கிடந்தது, திருப்பிய சாவியை விரல்கள் விடவில்லை. பேரப் பிள்ளையை ஒருதரம் மடியில் போட்டுக் கொஞ்சிவிட்டுத்தான் கண்ணை மூடுவேன் என்று வாய் ஓயாமல் சொன்னவள்.

ஃப்ரெடி வயரைத் துடைத்தார். பொறி வருகிறதா என்று பார்க்கத் திருப்ப ஆள் வேண்டும். ஜூடியைக் கூப்பிட மனசில்லை. அந்த சீட்டில் அவளை உட்கார வைப்பதா, ஐயோ வேண்டாம். மழை பானெட்டில் கொட்டியது, கழிமுகத்திலிருந்து எண்ணெய் நாற்றம் வந்தது, தூரத்தில் ஏதோ ஆலையின் சங்கு ஊதி ஓய்ந்தது. யாருக்கும் கேட்காத குரலில், தனக்கே கேட்காத குரலில், வாய் தானாகச் சொன்னது.

"அடி."

கிர்ர்ர்.

வயர் முனையில் நீலமாகப் பொறி தெறித்தது. நல்ல பொறி. காலையிலிருந்து வராத பொறி.

"இன்னா மாமு, இன்னும் முடியலியா?" என்று குரல் கேட்டுத் தூக்கிப்போட்டது. பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் கலீலுல்லா, கைலியை மடித்துக் கட்டி, தலையில் பாலித்தீன் பையோடு தண்ணீரில் வந்துகொண்டிருந்தார். ஆட்டோவை மேட்டில் விட்டுவிட்டு வருகிறார். வண்டியைக் கடந்தவர் நின்று திரும்பிப் பார்த்தார்.

"இன்னா மாமு நீ, மாசமா கீற பொண்ண போயி சாவி போட குந்த வச்சிகினு கீற? தொப்பலா நனஞ்சி போயிகீது பாரு. உள்ள அனுப்பு மொதல்ல."

அவர் போய்விட்டார். ஃப்ரெடி கையிலிருந்த வயரைக் கீழே விட்டார்.

"நைனா," என்று வீட்டுக்குள்ளிருந்து ஜூடியின் குரல் வந்தது. "வண்டில யாரு நைனா குந்திகினு கீறாங்க? செல்ஃப் சத்தம் கேக்குதே?"

"யாரும் இல்லம்மா. நீ படு."

பானெட்டைச் சுற்றிப் போக இரண்டு எட்டுத்தான். அந்த இரண்டு எட்டு வைக்க அவருக்கு வெகுநேரம் ஆனது. கண்ணாடியில் வழிந்த தண்ணீரைக் கையால் வழித்துப் பார்த்தார். சீட்டு காலி. அப்பாடா என்று மூச்சு விட்டு, கதவைத் திறந்தார். சீட்டின் பஞ்சு, ஒரு ஆள் எடைக்குப் பள்ளமாக அமுங்கியிருந்தது. பள்ளத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. தைல வாசனை குப்பென்று அடித்தது.

அவர் ஸ்பேனரை எடுத்தார். இரண்டு தரம் வழுக்கியது. பேட்டரி வயரைக் கழற்றினார். அதோடு விடாமல் பேட்டரியையே தூக்கி, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டுபோய் வாசற்படியில் வைத்தார். இனிமேல் இழுக்க முடியாது. எந்த வயர் எதோடு ஒட்டினாலும் முடியாது. மழை விட்டதும் பார்த்துக்கொள்ளலாம், ராத்திரி ஒன்றும் ஆகாது, மாதாவே ஒன்றும் ஆகாது.

திரும்பி வந்து பானெட்டின் முன்னால் நின்றார். மழைச் சத்தம் மட்டும். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அழுகைதான் வந்தது. ஒரு வருஷமாகக் கூப்பிட்டும் பதில் வராத வீட்டில், கூப்பிட்டதும் பதில் சொன்ன ஒரே சத்தம் அது. அதைத் தன் கையாலேயே பிடுங்கி வெளியே வைத்துவிட்டோமே என்று இருந்தது. அந்தத் தகரத்துக்கு அந்தப் பக்கம், கைக்கு எட்டுகிற தூரத்தில், அவள் காத்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தார். பயம்தான். பயத்தைவிட ஏக்கம் பெரிதாக இருந்தது.

"சில்வி," என்றார். "கல்லறைக்கு வரலன்னு கோச்சிக்காதடி. பொண்ணுக்கு எப்ப வேணா வலி வரும். இந்த வண்டி மட்டும் கெளம்பிட்டா போதும்டி எனக்கு."

கழற்றியிருந்த வயரைத் திரும்பப் பிளக்கில் மாட்டினார்.

"ஒருவாட்டி... அடி."

செல்ஃப் இழுத்தது. இஞ்சின் குலுங்கியது. பற்றிக்கொண்டது.

பேட்டரி இல்லாத குழியில் வயர் இரண்டும் தொங்கியபடி ஆடின. இஞ்சின் ஓடியது. சீராக. புது வண்டி மாதிரி.

"நைனா!" ஜூடி வாசலுக்கு வந்துவிட்டாள். அடிவயிற்றைப் பிடித்திருந்தாள், முகத்தில் வலியும் சிரிப்பும் சேர்ந்து இருந்தன. "வலிக்குது நைனா. நல்லவேளை, வண்டி எடுத்துச்சு."

"வராத! ஜூடி, அங்கயே நில்லு!"

மழையில் கேட்கவில்லையோ என்னவோ. படியிலிருந்த பேட்டரியைத் தாண்டி, தண்ணீரில் கால் வைத்து, சுவரைப் பிடித்து வந்தாள். இடது பக்கக் கதவு அவள் தொடுவதற்கு முன்பே திறந்தது. ஏறினாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

பானெட் அவர் கண்ணை மறைத்தது. உள்ளே ஜூடியின் குரல் கேட்டது. அலறல் இல்லை. குழந்தைக் குரல். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் கூப்பிடுவாளே, அந்தக் குரல்.

"அம்மா..."

பானெட்டைப் பிடித்து அறைந்து மூடினார். கண்ணாடியில் மழை. மழைக்குப் பின்னால் ஜூடியின் முகம், பக்கத்துத் தோளில் சாய்ந்திருந்தது. அந்தத் தோளுக்கு மேல் ஈரக் கூந்தல். ஒரு கை ஜூடியின் வயிற்றில். இன்னொரு கை சாவித் துவாரத்தில், எதையோ திருப்பிப் பிடித்து, விடாமல்.

"போதும் சில்வி!" என்று கத்தினார். "போதும்! போதும்டி!"

வண்டி நகர்ந்தது. விலகிப் பாய்ந்து கதவைப் பிடித்தார். வழுக்கியது. பின்னால் ஓடினார், தண்ணீரில் விழுந்தார், எழுந்தார். சந்து முனையில் வண்டி ஒரு கணம் நின்றது. வலப்பக்கம் ஆஸ்பத்திரி.

இடப்பக்க விளக்கு மினுக்கியது. கல்லறைத் தோட்டம் இருக்கும் பக்கம். மினுக்கி, மினுக்கி, வண்டி அந்தப் பக்கம் திரும்பிப் போனது.

வாசற்படியில் பேட்டரி மழையில் நனைந்துகொண்டிருந்தது.