கற்றுக்கொடுத்த நடை

அடுப்பில் பால் பொங்கி வருவதைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றவளுக்கு, கூடத்தில் தன்னுடைய காலடிச் சத்தம் கேட்டது.

டக். சர்ர். டக். சர்ர்.

வலது கால் பதியும், இடது கால் இழுபடும். சின்ன வயதில் அண்ணன் சைக்கிளிலிருந்து கீழே போட்டதில் இடது கணுக்கால் உடைந்து கோணலாக ஒட்டிக்கொண்டதன் மிச்சம் அது. "நீ வர்றது தெருமுனையிலேயே தெரிஞ்சிடும். இவ்வளவு சத்தம் போட்டு நடக்குற எலியை நான் பார்த்ததே இல்லை" என்று கேலி செய்து செய்தே அவளுக்கு எலி என்று பெயர் வைத்துவிட்டான். அந்தச் சத்தம் உலகத்தில் ஒருத்திக்குத்தான் சொந்தம். அந்த ஒருத்தியோ இங்கே கரண்டியும் கையுமாக நிற்கிறாள்.

தூக்கம் கெட்டால் காது இப்படித்தான் விளையாடும் என்று சொல்லிக்கொண்டு அடுப்பை அணைத்தாள். சத்தமும் நின்றது.

கூடத்தில் அண்ணன் நாற்காலியில் சாய்ந்திருந்தான். லிஃப்ட் பழுதுபார்க்கப் போன இடத்தில் விழுந்து முதுகெலும்பு நொறுங்கியவன். இடுப்புக்குக் கீழே சூடு வைத்தாலும் அவனுக்குத் தெரியாது. அவன் விழுந்த வருடம்தான் அவள் படித்துக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு, நடக்க முடியாதவர்களை நடக்க வைக்கும் கருவிகள் செய்யும் படிப்புக்கு மாறினாள். நல்ல நல்ல வேலைகள் வீடு தேடி வந்தும் அசையவில்லை. அவன் நடக்க வேண்டும், அவ்வளவுதான். அவன் இடுப்பிலிருந்து பாதம்வரை இப்போது இறுக்கிக் கட்டியிருந்தது அவளுடைய ஆராய்ச்சி முழுவதும்: அலுமினியக் கம்பிகள், முட்டிக்கு ஒரு மோட்டார், இடுப்புக்கு ஒரு மோட்டார், முதுகில் பேட்டரி. ஆய்வகத்தில் அதைக் கால்சட்டை என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள். யாரிடமும் கேட்காமல் வீட்டுக்குத் தூக்கி வந்திருந்தாள். முதலில் நடப்பது அண்ணனாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதம்.

"தூங்கிட்டியாண்ணே?"

"கொஞ்சம் கண்ணசந்தேன். நீதான் குறுக்கும் நெடுக்குமா நடந்து எழுப்பிவிட்டுட்டே. என்ன, என்னைவிட உனக்குப் பதட்டமா?"

"நான் அடுப்படியிலதான் இருந்தேன்."

"சும்மா இரு எலி. உன் நடை எனக்குத் தெரியாதா?"

அவள் சிரிக்கப் போனாள். சிரிப்பு வரவில்லை. காலையில் துடைத்த தரையில் நாற்காலியிலிருந்து ஜன்னல்வரைக்கும் போய்த் திரும்பியிருந்தது ஒரு கறுப்புக் கோடு. ரப்பர் உரசிய கோடு. அண்ணனுடைய இடது பூட்ஸின் முனை தேய்ந்து வெளுத்திருந்தது. புது பூட்ஸ் அது. இன்றைக்குத்தான் மாட்டிவிட்டாள். கால்சட்டையை இன்னும் முடுக்கவே இல்லை.

கால்சட்டைக்கு நடை சொல்லித்தர நல்ல கால்கள் வேண்டும். பலதரப்பட்ட ஆட்களின் காலில் உணரிப் பட்டைகளைக் கட்டி, நடக்கவிட்டுப் பதிவு செய்வதுதான் முறை. ஆள் தேடப் பொறுமையில்லாமல், பட்டைகளைத் தன் காலிலேயே கட்டிக்கொண்டு ஆய்வகத்து வராந்தாவில் நாள் கணக்காக நடந்து தீர்த்தாள் அவள். ஆய்வகத்துத் தலைவி அப்போதே சொன்னார்: "ஒரே ஆளோட நடையைக் குடுத்தா அது நடக்கக் கத்துக்காதும்மா. அந்த ஆளாவே ஆகப் பார்க்கும்." சும்மா மிரட்டுகிறார் என்று நினைத்தாள். அதற்குப் பிறகு படியேறும்போதெல்லாம் கால் கெஞ்சியது. அலைச்சல்தான் காரணம் என்று அதையும் விட்டுவிட்டாள்.

ஜன்னலுக்கு வெளியே வானம் மழைக்கு இருட்டியிருந்தது. மண் வாசனையோடு உள்ளே வந்த காற்றில் சூடேறிய இரும்பின் நெடியும் கலந்திருந்தது. மின்சாரம் போனது. மின்விசிறி முனகி முனகி ஓய்ந்த பிறகு அந்த அமைதியில் ஒரு ரீங்காரம் மட்டும் மிஞ்சியது, மெலிதாக, அண்ணனுடைய முதுகுப் பக்கமிருந்து.

"எலி!" அவன் குரலில் குழந்தையின் குதூகலம். "எழுந்துட்டேன்டி! பாரு, எழுந்துட்டேன்!"

எத்தனை வருடமாக அவள் ஏங்கிய காட்சி அது. அந்த அரையிருட்டில் அண்ணன் தலை நிமிர்ந்து நின்றான். கண்ணில் நீர் கட்டி, அவள் ஓடிப்போய்ப் பிடிக்கப் பார்த்தாள். இடது கால் மரத்துப்போயிருந்தது.

டக். சர்ர்.

"நீ ஏதாவது செய்றியா?" என்றான் அவன். குதூகலம் போய்விட்டிருந்தது.

"இல்லைண்ணே."

"நானும் இல்லை."

டக். சர்ர். வாசல் பக்கம். கதவு திறந்தே கிடந்தது. அதற்கப்பால் மாடிப்படி. அவன் கைகள் கதவு நிலையைப் பிடித்தன, நகம் மரத்தில் கீறியது, பிடி நழுவியது.

"நிறுத்துடி!"

நிறுத்தும் பொத்தான் அவள் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கூட நிற்பவர் கையில்தான் அது எப்போதும் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வேலையின் முதல் விதி. அழுத்தினாள்.

அவளுடைய கால்கள் நின்றன.

வலி இல்லை. இடுப்புக்குக் கீழே யாரோ துடைத்து எடுத்த மாதிரி இருந்தது. தரையில் விழுந்தது தொடைகளுக்குத் தெரியவில்லை. கிள்ளிப் பார்த்தாள். ஐயோ. வேறு யாருடைய சதையோ.

டக். சர்ர். முதல் படி.

"எலி, பயமா இருக்கு, நிறுத்துடி, கீழ கொண்டு போகுது, எலி..."

என்ன செய்வாள்? முழங்கையை ஊன்றி நகர்ந்தாள். நிலைப்படிகூட எட்டவில்லை. கையில் இருந்தது அந்தப் பொத்தான் ஒன்றுதான். அழுத்தக் கூடாது என்று தெரிந்தது. அவன் கதறினான். அழுத்தினாள்.

அவன் குரல் பாதியில் அறுந்தது.

அண்ணே என்று கத்த வாயைத் திறந்தாள். காற்று வந்தது. சத்தம் வரவில்லை.

டக். சர்ர். டக். சர்ர். படிப்படியாக. தடுமாற்றமே இல்லாமல். ஒவ்வொரு அடிக்கும், செத்துக் கிடந்த அவளுடைய கால் கட்டைவிரல் மட்டும் தானாக ஒருமுறை மடங்கி நிமிர்ந்தது.

கீழ்வீட்டு அம்மாவின் குரல், கதவைத் திறக்காமல், உள்ளிருந்தே:

"நீதானாம்மா? இந்த மழையில எங்க கிளம்பிட்டே? அண்ணனைத் தனியா விட்டுட்டுப் போறியே, நான் வேணா போய்ப் பார்த்துக்கவா?"

மேலே அவள் தரையை ஓங்கி ஓங்கி அறைந்தாள். இடி விழுந்தது. அதில் எல்லாம் அமுங்கிப்போனது.

கீழே காலடி நின்றது. பதில் வந்தது. அவளுடைய சொந்தக் குரல், அண்ணனுடைய தொண்டையிலிருந்து.

"வேணாம்மா. அவரு நல்லாத் தூங்குறாரு."

கேட் திறந்து சாத்திய ஓசை. பிறகு தெருவில், மழையினூடே, டக். சர்ர்.

இருட்டில் கட்டைவிரல் மடங்கியது. நிமிர்ந்தது. மடங்கியது.