கண்ணாடிக்காரர் விட்டுப்போன இரண்டு வரிகள்

“அன்னிக்கு வீட்டுக்கு வந்தது அவருதானாம்மா?”

ஆபீசில் எல்லோரும் கண்ணாடிக்காரர் என்று கூப்பிட்ட பழைய ஊழியரின் மனைவி ஒரு முறை போனில் அவளிடம் கேட்ட கேள்வி அது. அதே முகம், அதே நடை, அதே சட்டை. ஆனால் வேலையை விட்டு வந்த நாளிலிருந்து மனிதர் ஒரு வார்த்தை பேசவில்லையாம். “ஓய்வெடுத்தா சரியாயிடும்க்கா” என்று போனை வைத்துவிட்டாள். ஓய்வைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? கண்ணாடிக்காரர் எழுந்துபோன நாற்காலியில் உட்கார்ந்து எட்டு மாதமாக இரண்டு ஆள் வேலை பார்க்கிறாள்.

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், சலவைக்கூடத்தை ஒட்டி இருந்தது அந்தக் கம்ப்யூட்டர் அறை. ஜன்னல் கிடையாது. ஈரத்துணியும் சூடான தூசியும் கலந்த வாடை. இயந்திரங்களின் விசிறிகள் நாள் முழுக்க இரைந்துகொண்டே இருக்கும்.

“கண்ணாடிக்காரர் எழுதின ஸ்கிரிப்டை இன்னிக்காவது நிறுத்தித் தொலைடி. டிஸ்க் நிறையுதுன்னு மேனேஜர் என் உயிரை எடுக்கிறாரு” என்றாள் பக்கத்து மேஜை அக்கா.

“நாலு மணிக்குப் பாப்பாவை ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வரணும்க்கா. நேத்து கேட்டுல அவ மட்டும்தான் நின்னுக்கிட்டிருந்தா. இன்னிக்கு வந்துடுவேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்.”

“அப்ப கதை பேசாத. கையை ஓட்டு.”

கம்ப்யூட்டருக்கு அவர் எழுதிவைத்த கட்டளைகள் இருந்த அந்த ஸ்கிரிப்டைத் திறந்தாள். இரண்டே வரிகள். இரண்டுமே ‘எக்ஸெக்’ என்று தொடங்கின.

முதல் வரி ஓடிவிட்டால், அதன்பிறகு சொல்வது எதுவும் திரைக்கு வராது. நடப்பதையெல்லாம் பதிந்துவைக்கும் லாக் ஃபைலுக்குப் போய்விடும். இரண்டாவது வரி, ஓடிக்கொண்டிருக்கும் நிரலைத் துடைத்துவிட்டு, கம்ப்யூட்டர் அதற்குக் கொடுத்திருந்த அதே எண்ணில் வேறொன்றை உட்கார வைக்கும். வெளியிலிருந்து எண்ணைப் பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. பழையது திரும்பி வராது. அதனால் அந்த வரிக்குக் கீழே யாரும் எதுவும் எழுதுவதில்லை.

இன்னொரு விண்டோவில் லாக் ஃபைலைத் திறந்தாள். எட்டு மாதமாக, நிமிடத்துக்கு ஒரு வரி.

வீட்டுக்கு வந்தது நான் இல்லை.

வீட்டுக்கு வந்தது நான் இல்லை.

வீட்டுக்கு வந்தது நான் இல்லை.

 உட்கார்ந்து பயப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. யாரோ விளையாடியிருக்கிறார்கள், சோதித்துப் பார்த்துவிட்டு நிறுத்திவிடலாம் என்று அந்த இரண்டு வரிகளையும் நகலெடுத்தாள். தனி ஃபைலில் ஒட்டியிருக்க வேண்டும். காலை ஆறு மணியிலிருந்து திரையையே பார்த்த கண். தான் கட்டளைகளைத் தட்டி வேலை செய்துகொண்டிருந்த டெர்மினலிலேயே ஒட்டிவிட்டாள். இந்தத் தொழிலில் எல்லோரும் ஒரு தடவையாவது செய்கிற தப்புதான்.

டெர்மினல் ஊமையானது.

“அக்கா, டெர்மினல் போச்சு.”

அக்கா திரும்பவில்லை.

“அக்கா!”

அக்கா பிஸ்கட்டைத் தேநீரில் முக்கி, அது உடைந்து விழாமல் வாய்க்குக் கொண்டுபோவதிலேயே கவனமாக இருந்தாள். லாக் ஃபைலில் புதிதாக இரண்டு வரிகள் ஏறியிருந்தன.

அக்கா, டெர்மினல் போச்சு.

அக்கா!

அவள் கத்தினாள். கத்தியதெல்லாம் வரிவரியாக ஏறியது. ஒட்டியதில் இரண்டாவது வரி பாக்கி இருக்கிறதே என்று நினைவு வந்தபோது, ஈரத்துணி வாடை நின்றுபோயிருந்தது.

விசிறிச் சத்தமும் நின்றது.

எதிரே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போல, அவள் முகம் தெரிந்தது. அது ஒரு முறை கண் சிமிட்டியது. அதில் களைப்பே இல்லை.

“கத்தாதம்மா” என்றது இருட்டில், மிக அருகில், ஒரு ஆண் குரல். “நானும் கத்திப் பார்த்தேன்.”

“என் பொண்ணு நாலு மணிக்கு கேட்டுல நிப்பா…”

“கவலைப்படாத. அது போய்க் கூட்டிட்டு வந்துடும்.”

வெளியே நாற்காலி நகர்ந்தது. அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

“கிளம்பிட்டியாடி? போயிட்டு வரேன்னு ஒரு வார்த்தை சொன்னா கொறைஞ்சா போயிடுவ?”

அது பையைத் தோளில் மாட்டியது. பாப்பாவின் சின்னக் குடையை எடுத்துக்கொண்டது. நாற்காலியை ஒழுங்காக மேஜைக்குள் தள்ளிவிட்டு, வாயே திறக்காமல், கதவைச் சாத்திக்கொண்டு போனது.