பெறுநர் காலமானார்

ஒரு வரித் தபாலால் நிறுத்த முடியாத தொல்லை இந்தப் பூமியில் கிடையாது என்பது சுந்தர்ராஜின் கொள்கை. சின்னமனூர் மண்டியில் டைப் அடித்தபடியே அவன் இதைச் சொல்லும்போது யாரும் சிரித்ததில்லை. அவனும் சிரித்ததில்லை. அந்தக் கொள்கை வென்ற மறுநாள் காலை, பால்காரி அக்கம்மாள் ஓர் உழக்குக் குறைத்து ஊற்றிவிட்டுப் போனாள்.

நிறுத்தியது அப்பாவின் பத்திரிகையை. அப்பா பலவேசம் விதைக்கடையை மூடிய வருடமே ஐந்து பத்திரிகைகளுக்கு ஆயுள் சந்தா கட்டிவிட்டார். இரண்டு வார இதழ்கள், ஒரு விவசாய மாத இதழ், ஓர் ஓமியோபதி இதழ், வீட்டில் ஒரு கோழிகூட இல்லாத நிலையில் கோழி வளர்ப்பு இதழ். மேலுறையில் ஒட்டிய தன் விலாசத்தில் தொடங்கிக் கடைசிப் பக்கத்து அச்சகத்தின் பெயர்வரை ஓர் எழுத்து விடமாட்டார். பரீட்சையே இல்லாத பாடத்துக்குப் படிக்கிற மனிதர் என்று சுந்தர்ராஜ் மண்டியில் கேலி பேசுவான்.

போன வருடம் வாதம் வந்து அப்பாவின் இடப்பக்கத்தையும் பேச்சையும் பார்வையையும் கொண்டுபோனது. படிக்கும் வேலை மகனிடம் வந்தது. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தால், கூடத்துச் சாய்வு நாற்காலியில் அப்பா காத்திருப்பார். நாற்காலியின் முரட்டுக் காடாத்துணியில் தைலமும் வியர்வையும் கலந்த வாடை. ஒரு வரி தாண்டினாலும் வலது ஆள்காட்டி விரல் எழும்பும். காற்றில் ஒரு வட்டம் போடும். முதலிலிருந்து என்று அர்த்தம். கோழிக்கழிச்சலுக்கான மருந்து அளவுகளை மூன்றாம் முறை வாசித்துவிட்டு மண்டிக்கு நடக்கும்போது, சாகும்வரை இதுதான் என்று அவனுக்குத் தோன்றும். யார் சாகும்வரை என்று அவன் யோசிக்கவில்லை.

பன்னிரண்டு கார்டு எழுதினான். ஆயுள் சந்தாவை ஆயுள் உள்ளவரை நிறுத்த வழியில்லை என்று ஐந்து அலுவலகங்களும் பணிவாகப் பதில் போட்டன.

தபால்காரர் ஷேக் மைதீன் சைக்கிளில் ஒரு காலை ஊன்றியபடி, நான்கு எழுத்து எழுதித் திருப்பிவிட்டால் எல்லாம் நின்றுவிடும் என்று விளையாட்டாகச் சொன்னார். சுந்தர்ராஜ் விளையாட்டாகவே பேனாவைத் திறந்தான். கோழி இதழின் உறையில், அப்பாவின் பெயருக்குக் குறுக்கே, சிவப்பு மையில்: பெறுநர் காலமானார்.

உள்ளே அப்பா இருமினார்.

உழக்குப் பால் குறைந்ததை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்து ஓமியோபதி போனது. அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குச் சவரம் செய்ய அழகுமலை வரவில்லை. தேடிப்போய்க் கேட்டதற்கு, அவர் கத்தியைத் தீட்டுவதை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தார்.

“பெரியவுக தங்கமான மனுசரா இருந்தாக. மனசத் தேத்திக்கங்க.”

ஊர்க் குசும்பு என்று நினைத்துக்கொண்டு திரும்பினான். ஆனாலும் மீதி மூன்றையும் அவன் அனுப்பாமல் இருக்கவில்லை. மதியங்கள் அவ்வளவு சுகமாக இருந்தன. சாப்பிட்டதும் அரைமணி நேரத் தூக்கம். நாற்காலிப் பக்கம் திரும்பாமல் படுத்துக்கொண்டால் போதும்.

ஆடிக் காற்று மலையிலிருந்து இறங்கி ஓடுகளைத் தட்டிக்கொண்டிருந்த ஒரு மதியம், அவன் மனைவி சொர்ணலதா இரண்டு தட்டு மட்டும் வைத்தாள். அப்பாவுக்கு எங்கே என்று கேட்டான்.

“மாமாவுக்குக் காலையிலேயே காக்காய்க்கு வச்சிட்டேனே,” என்றாள், ரசத்தைக் கலக்கியபடி.

அவன் கூடத்தைப் பார்த்தான். அப்பா நாற்காலியில்தான் இருந்தார். பல வாரத் தாடி. உதடு வெடித்திருந்தது. இவன் பக்கமாகத் திரும்பியிருந்த கண்கள் இமைக்கவில்லை. சுவருக்கு மேலே ஒரு காகம் சோற்றைக் கொத்திக்கொண்டிருந்தது.

தட்டை எடுத்துப்போய் அவனே ஊட்டினான். வாய் திறக்கவில்லை. சோறு மோவாயில் ஒட்டி, மார்பில் விழுந்து, துணி மடிப்பில் உருண்டது. தொட்ட கன்னம், ஈரக் கல்லைப்போல. ஆனால் மூச்சு இருந்தது. வலது விரல் மெல்ல எழும்பி, பத்திரிகைகள் வைக்கும் முக்காலியைக் காட்டியது. முக்காலி காலி.

அன்றே ஐந்து கார்டு எழுதினான். தவறு நேர்ந்துவிட்டது, அவர் உயிரோடு இருக்கிறார், தயவுசெய்து அனுப்பவும். தபால்பெட்டியில் போட மனமில்லாமல் ஷேக் மைதீனின் கையிலேயே கொடுத்தான். அவர் படித்தார். சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தினார். பிறகு அவன் தோளில் கைவைத்தார்.

“எங்க வாப்பா போனப்பவும் எனக்கு இப்படித்தான் தம்பி இருந்துச்சு. கொஞ்ச நாள்ல சரியாப்போகும்.”

கார்டுகளை மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பத்து நாள் எதுவும் வரவில்லை. பத்து நாளும் அப்பா எதுவும் சாப்பிடவில்லை. சொர்ணலதா கூடத்தைப் பெருக்கும்போது நாற்காலியின் கால்களைச் சுற்றிப் பெருக்கினாள். அப்பாவின் பாதங்களைச் சுற்றி அல்ல. அவற்றின் மேலேயே விளக்குமாறு போனது. அவருடைய பழைய பனியன்களைக் கிழித்துக் கைப்பிடித் துணியாக்கினாள். தைலவாடை மட்டும் நாளுக்கு நாள் ஏறியது. அவளுக்கு அது தெரியவில்லை. அவனுக்கு இருமலும் கேட்டது. காற்று நின்றபோதும் கேட்டது.

பதினோராம் நாள், கட்டிலுக்கு அடியில் பழைய கோழி இதழ் ஒன்று கிடைத்தது. பங்குனி மாதத்தது. அதை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தான்.

சொர்ணலதா நாற்காலியின் முன்னால் நின்றிருந்தாள்.

“சும்மா இடத்த அடைச்சுக்கிட்டு இருக்கு. மச்சுல போட்ருவோமா?”

அவன் இதழை நீட்டினான். அவள் அதைப் பார்க்கவில்லை.

அவள் குனிந்து, சட்டத்தைத் தாங்கிய பின்கட்டையை உருவினாள். சட்டம் சாய்ந்தது. அப்பாவின் தலை அதனுடன் சேர்ந்து முன்னால் வந்தது. பார்வை போன கண்கள் இவன் பக்கமே திரும்பின. மரத்தோடு மரம் மோதியது. துணி மூடிக்கொண்டது. ஏதோ ஒடிகிற சத்தம். காய்ந்த சுள்ளி ஒடிவதுபோல. அவள் அதைத் தூக்கிச் சுவரில் சாத்தினாள்.

“என்னா கனம்,” என்றாள். கையைத் தட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

கூடம் அமைதியானது.

மடிந்த துணி உப்பியது. தாழ்ந்தது. மீண்டும் உப்பியது.

சட்டங்களின் இடுக்கிலிருந்து ஒரு விரல் வெளியே வந்தது.

சுந்தர்ராஜ் சுவர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தான். மேலுறையை மடியில் நீவிவிட்டான். விலாசத்தில் தொடங்கினான். பெயர், கதவு எண், தெரு. பொருளடக்கம். முட்டை எடை. கழிச்சல், மருந்து அளவு. விளம்பரங்கள். ஓர் எழுத்தையும் விடவில்லை. அச்சகத்தின் பெயரைச் சொல்லி முடித்தபோது வெயில் வாசலைவிட்டுப் போயிருந்தது. மண்டிக்கு அவன் போகவில்லை.

நிமிர்ந்து பார்த்தான்.

விரல் காற்றில் ஒரு வட்டம் போட்டது.

அவன் எச்சில் தொட்டுப் பக்கங்களைத் திருப்பி, மேலுறைக்கு வந்தான்.