இன்னும் கொஞ்சம் மேலே

அந்தமானின் பாராடாங் ஜெட்டியில் இறங்கியதுமே ராஜமாணிக்கத்தின் கண்ணில் பட்டது அதுதான். பெட்டியைத் தூக்க வந்தவன், போட்டைக் கட்டியவன், கொட்டகையில் அரிசி களைந்துகொண்டிருந்தவன், ஒருத்தன் விடாமல் எல்லோருடைய மணிக்கட்டிலும் துணி இறுக்கிய தடம். புதுச் சாலைக்கு வரைபடம் போட போர்ட் பிளேரிலிருந்து வந்த டிராஃப்ட்ஸ்மேன் அவன். எதையும் உற்றுப் பார்க்கிற புத்தி. கேட்டே விட்டான்.

"கையைக் கட்டிக்கிட்டுத்தான் சார் இங்க தூக்கம்," என்றான் முகாம் சமையல்காரன் பன்னீர்செல்வம், பல் தேய்ப்பதைப் பற்றிச் சொல்வதுபோல. "மணல் ஈ சார். கடிக்கிறது தெரியாது. மறுநாள்தான் குஜ்லி, அப்படியொரு அரிப்பு. முழிச்சிருந்தா அடக்கிக்கலாம், தூக்கத்துல கை சும்மா இருக்குமா? சொறிஞ்சா புண்ணு, புண்ணுல சீழு. உங்களுக்கு முந்தி வந்த சர்வேயர் பாபு கட்டிக்க மாட்டேன்னாரு. ஸ்ட்ரெச்சர்ல வச்சுத்தான் போட்ல ஏத்தினோம். ஆஸ்பத்திரி போய்ச் சேரல."

ராஜமாணிக்கம் சிரித்தான். நல்ல கூத்துதான் போ, என்று நினைத்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் சிரிப்பு போய்விட்டது. கழுத்திலிருந்து இடுப்பு வரை கடுகு தெளித்த மாதிரி சிவப்புத் தடிப்புகள். ஒன்றைத் தொடாமல் விட்டால் பக்கத்திலுள்ள பத்தும் விழித்துக்கொண்டு கத்தின. மண்ணெண்ணெய் கலந்த தேங்காயெண்ணெயைத் தடவியும், தென்னை மட்டைப் புகையில் இருமி இருமி உட்கார்ந்தும் ஒன்றும் ஆகவில்லை. நான்காம் நாள் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. போர்ட் பிளேருக்கு அடுத்த லாஞ்ச் வெள்ளிக்கிழமைதான். அங்கே டெலானிபூர் குவார்ட்டர்ஸில் மனைவி நீலாவதி ஏழு மாத வயிற்றோடு தனியாக இருந்தாள். தோல் கிழியாமல் இரண்டு நாள் தாக்குப்பிடித்து அவளிடம் போய்ச் சேர்ந்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்றிருந்தது அவனுக்கு.

"கட்டிடுய்யா, கெட்டியாவே கட்டு," என்று அவனே கைகளை நீட்டினான்.

குப்புறப் படுக்கவைத்து, இரண்டு மணிக்கட்டையும் கட்டில் சட்டத்தோடு லுங்கிக் கிழிசலால் கட்டினான் பன்னீர்செல்வம். கொசுவலையை இறக்கிவிட்டான். "அரிசி போட் வந்திருக்கு சார். எல்லாரும் ஜெட்டிக்குப் போறோம். மூட்டையை இறக்கிட்டு அரை மணியில வந்துடறேன்."

மணி ஆறு இருக்கும். இந்தத் தீவில் ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடும், ஆறுக்குக் கண் தெரியாத இருட்டு. தகரக் கூரையிலிருந்து மழைநீர் சொட்டுகிற சத்தமும், அலையாத்திக் காட்டுச் சேற்றில் ஏதோ குமிழி விடுகிற சத்தமும், அணையப்போகிற மட்டையின் கருகல் வாசனையும் வலைக்குள் வந்து அடைந்துகொள்ள, இடது தோளுக்குக் கீழே ஓர் அரிப்பு கிளம்பி, பரவி, சூடேறி, பல்லைக் கடித்தும் அடங்காமல், கடைசியில் அவன் கண்ணில் தண்ணீரையே வரவழைத்துவிட்டது. குழந்தை மாதிரி அழுதான். வெட்கமாகவும் இருந்தது, ஆனால் யார் பார்க்கப்போகிறார்கள்?

வலை விலகியது.

"பன்னீரு? வந்துட்டியா? புண்ணியமாப் போகும்ய்யா, அந்த இடது தோளுக்குக் கீழ லேசா..."

நகங்கள் அங்கேயே வந்து இறங்கின. எவ்வளவு பதமாக! அப்பாடா என்று உடம்பே தளர்ந்தது.

"இன்னும் கொஞ்சம் மேல."

மேலே நகர்ந்தன.

"நடுவுல. ஆங், அங்கதான். நிறுத்தாதே."

எவ்வளவு நேரம் போயிற்றோ தெரியவில்லை. முதுகில் எண்ணெய் ஊற்றியது போல இதமான ஈரம் பரவி விலா வழியாக இறங்கியது. சொர்க்கம் என்றால் இதுதான் என்று தோன்றியது. அப்புறம்தான் ஒன்று உறைத்தது. பன்னீர்செல்வம் வாய் ஓயாதவன். இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லையே. பீடி நாற்றமும் இல்லை. சேற்று வாடைதான் அடித்தது.

"பன்னீரு?"

பதில் தொலைவிலிருந்து வந்தது. ஜெட்டியிலிருந்து. "ஏய், மூட்டையை நனைக்காதடா! ஜல்தி கரோ!" அது பன்னீர்செல்வத்தின் குரல்.

ராஜமாணிக்கத்தின் முதுகில் நகங்கள் நின்றன. போகவில்லை. அவன் அடுத்து எந்த இடத்தைச் சொல்வான் என்று காத்திருந்தன.

கையை இழுத்தான். முடிச்சு இறுகியது. கெட்டியாகக் கட்டச் சொன்னவன் அவனேதான். கழுத்தைத் திருப்பினான். தலையணைதான் தெரிந்தது. சரி, சொன்னால்தானே அசைகிறது? சொல்லாமல் இருந்துவிடலாம். பன்னீர் வரும்வரை வாயைத் திறக்காமல் கிடந்தால் போதும். நீலாவதி, நீலாவதி என்று மனசுக்குள்ளேயே சொல்லிக்கொண்டான். பிடரியில் அரித்தது. சொல்லவில்லை. காது மடலில் அரித்தது. உதட்டைக் கடித்தான். ரத்தம் உப்புக் கரித்தது. நகங்கள் பொறுமையாக இருந்தன.

காலடிச் சத்தம். அரிக்கேன் வெளிச்சம் தகரச் சுவரில் ஆடியது. கட்டிலின் நிழல். உள்ளே வருகிற பன்னீர்செல்வத்தின் நிழல். வேறு நிழல் இல்லை. ஆனால் நகங்கள் இருந்தன.

"பேசாதே," என்றான் ராஜமாணிக்கம், மூச்சுக்காற்றுப் போல. "ஒண்ணும் சொல்லாதே. கைக்கட்டை மட்டும் அவுத்துவிடு."

பன்னீர்செல்வம் வலையைத் தூக்கினான். விளக்கை உயர்த்தினான்.

"அய்யய்யோ... யாரு சார் இப்படிப் பண்ணினது?"

"பேசாதேய்யா! உன் காலைப் பிடிக்கிறேன்!"

"தோலே இல்லையே சார்! உள்ள எலும்பு... எலும்பு தெரியுதே சார்!"

நகங்கள் அசைந்தன. மெதுவாகத் தடவித் தேடின. எலும்பைக் கண்டுபிடித்தன. பிறகு, மிகவும் பதமாக, சொறியத் தொடங்கின.