என்னங்க

டீ கரித்தது.

ஜுலைகா ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தாள். சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டோமோ என்று டப்பாவைத் திறந்து நாக்கில் வைத்துப் பார்த்தாள், சர்க்கரைதான். பால், பால்காரி பூமாலை காலையில் கறந்து ஊற்றிய பால். மிச்சம் இருப்பது தண்ணீர். பித்தளைக் குடத்தைச் சாய்த்து உள்ளங்கையில் ஏந்திக் குடித்தாள். உதடு எரிந்தது.

லெப்பைக்குடிக்காட்டிலேயே அவர்கள் கொல்லைக் கிணற்றுத் தண்ணீருக்கு ஒரு பேர் உண்டு. நோன்பு திறக்கிற நேரத்தில் தெருவே குடத்தோடு வந்து நிற்கும். கடலோ பஸ்ஸில் அரை நாள் தூரம். அப்படிப்பட்ட தண்ணீர் பத்து நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரிக்கிறது.

பத்து நாளைக்கு முன்னால்தான் அவர் வந்தார்.

"சபுராளி வந்ததுலேர்ந்து கெணத்துக்குள்ளயில்ல குடியிருக்காரு!" பால் சொம்பைக் கழுவிக்கொண்டே சிரித்தாள் பூமாலை. வெளிநாட்டுப் பிழைப்புக்குப் போய் வருகிறவர்களை அந்த ஊரில் சபுராளி என்றுதான் சொல்வார்கள். "அவனவன் சென்ட்டு, சோப்பு, குடைன்னு பொட்டி பொட்டியா எறக்குறான். உங்க வூட்டுக்காரரு தண்ணிக்குள்ள பாக்குற கண்ணாடி ஒண்ணத் தூக்கிக்கிட்டு வந்திருக்காரு. கெணத்துல என்னத்தப் பாக்குறாராம், தவளையையா?"

ஜுலைகா சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

மூன்று வருடமாக அவருக்கு மாலத்தீவில் சமையல் வேலை. வெள்ளைக்காரர்கள் விடுமுறைக்கு வந்து மணலில் படுத்துக் கிடக்கிற சின்னத் தீவு ஒன்றில். ஜுலைகாவுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் கடிதம் கிடையாது. பேசிப் பதிந்து கேசட்டாக அனுப்புவார். முகத்தில் கண்ணாடியும் வாயில் குழாயும் மாட்டி வெள்ளைக்காரர்கள் அவரையும் கடலுக்குள் கூட்டிப்போன கதையெல்லாம் அந்தக் கேசட்டுகளில்தான் கேட்டாள். "இடுப்பளவு தண்ணிதான் ஜுலைகா. முகத்தக் கவுத்தாப் போதும், கீழ கல்யாணப் பந்தல் போட்ட மாதிரி இருக்கு. மஞ்ச மீனு, நீல மீனு, கல்லுல பூத்த பூவு. நம்ம கெணத்துச் சுவத்துல அரியலூர்க் கல்லு இருக்கே, சங்கு சங்காப் பதிஞ்சு, அதெல்லாம் இங்க உசுரோட இருக்கு. சொந்தமா ஒரு கண்ணாடி வாங்கிட்டேன். வாருல உன் பேருக்கு ஒரு 'ஜு' கீறி வச்சிருக்கேன்."

அந்த ஓர் எழுத்தை மட்டும் அவளுக்குக் கல்யாணமான புதிதில் எழுதிக் காட்டியிருந்தார்.

கடைசியாக வந்த கேசட்டில் குரல் இறங்கியிருந்தது. "தீவத் தாண்டி அடி தெரியாத பள்ளம் ஒண்ணு இருக்கு. முந்தாநாள் அதுல முங்குனப்ப கீழேருந்து யாரோ கூப்புட்டாங்க. 'என்னங்க'ன்னு. சத்தியமா உன் கொரலு."

அன்றைக்கு அதைக் கேட்டு வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

அவர் வந்த அன்று சாயங்கால வெயில் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. படியில் ஆள் நிற்பது தெரிந்தது, முகம் தெரியவில்லை. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு கதவு மறைவிலிருந்து, "என்னங்க?" என்றாள். ஆள் பதில் பேசாமல் உள்ளே வந்தார். அவர்தான். சட்டை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. சித்திரை வெயிலில், பெரம்பலூர் பஸ்ஸில் வந்தவருக்கு ஈரம் ஏது? மூன்று வருடம் கழித்து வந்தவரிடம் முதல் கேள்வி இதுவா என்று விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு விட்டுவிட்டவை எத்தனையோ. ஜும்மாவுக்குக்கூட அவர் கிளம்பவில்லை. தெருவில் யாரையும் போய்ப் பார்க்கவில்லை. படுத்து எழுந்த பாயில், சுண்ணாம்புக் கல்லை உடைத்தால் கிளம்புமே, அந்தப் பச்சை வாடை வந்தது. ஒரு மத்தியானம் அவர் அசந்து தூங்கும்போது மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தாள். காற்றே இல்லை. எண்ணினாள். ஐம்பது. அறுபது. கண் திறந்து அவளைப் பார்த்தார். அதற்கப்புறம்தான், மறந்துபோன வேலை நினைவுக்கு வந்தது மாதிரி, நெஞ்சு ஏறி இறங்கியது.

"அம்மா!" ஆறு வயது ஆயிஷா ஓடிவந்து முந்தானையைப் பிடித்தாள். "அத்தா இன்னிக்கு என்னயும் கெணத்துக்குள்ள கூட்டிட்டுப் போறாங்களாம்."

"ஒண்ணும் வேணாம். கெணத்துப் படியில கால வச்சே, தோல உரிச்சுப்புடுவேன்."

"மூச்சு வுடாம இருக்கக் கத்துக்கிட்டேனே! பாக்குறியா?"

ஆயிஷா வாயை மூடிக்கொண்டாள். சிரித்த முகமாக நின்றாள். விளையாட்டுக்கு எண்ணத் தொடங்கிய ஜுலைகா எழுபதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டாள். பிள்ளை கண்கூட இமைக்கவில்லை.

"போதும்டி! மூச்ச வுடு! வுடுடி!"

தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் விட்டாள்.

அந்த நிமிடமே முடிவு செய்தாள். நாலு மணி பஸ். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெரம்பலூரில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட வேண்டும். அதுவரை பிள்ளையைக் கண்ணை விட்டு அகல விடக்கூடாது.

பன்னிரண்டு மணிக்குத் தபால்காரர் இளையபெருமாள் வந்தார். "மாலத்தீவுப் பார்சல்ம்மா. கஸ்டம்ஸ்ல பிரிச்சுப் பாத்து ரெண்டு மாசமாப் போட்டு வச்சிருக்கானுவ." முற்றத்து ஓரம் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தவரைக் கண்டதும் முகம் மலர்ந்தார். "அட, நஜீமுதீன் பாய்! எப்ப வந்தீங்க?"

முதுகு அசையவில்லை.

"நஜீமுதீன் பாய்! ஏழைய மறந்துட்டீங்களா?"

அவர் மடியில் இருந்த ஆயிஷாதான் எட்டிப் பார்த்தாள்.

"காதுல தண்ணி பூந்துருச்சு போல" என்று சிரித்தபடி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார் இளையபெருமாள்.

ஜுலைகாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வந்த பத்து நாளில் இந்த வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லவே இல்லை. ஊருக்குச் சபுராளி. பிள்ளைக்கு அத்தா. அவளோ, கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் புருஷன் பெயரை ஒரு தரம்கூட வாய்விட்டுச் சொன்னவள் இல்லை.

"என்னங்க" என்றாள், காற்றுக்கும் கேட்காத குரலில்.

முகம் சட்டென்று திரும்பியது. சிரித்தது.

பிள்ளை கண்ணில் படுகிற மாதிரி கதவைத் திறந்தே வைத்துவிட்டு, பார்சலோடு அறைக்குள் போனாள். உள்ளே ஒரு கேசட். துண்டில் சுற்றிய கனமான ஏதோ ஒன்று. டேப்பில் கேசட்டைப் போட்டு, சத்தத்தைக் குறைத்து, காதை ஒட்டி வைத்துக்கொண்டாள்.

"அக்கா, சலாம் அலைக்கும். நான் சைபுல்லா. அண்ணன்கூட ஒரே சமையக்கட்டுல வேல பாக்குறவன். எப்படிச் சொல்றதுன்னு தெரியலக்கா. நஜீமுதீன் அண்ணன் மவுத்தாயிட்டாங்க. அந்தப் பள்ளத்துப் பக்கம் போவாதீங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். 'அவ கூப்புடுறாடா'ன்னு சொல்லிட்டு முங்குனாங்க. கண்ணாடி மட்டுந்தான் மேல வந்துச்சு. வார் அவுக்கல, மாட்டுனது மாட்டுனபடி. பதினஞ்சு நாளு தேடுனோம். மையித்து கெடைக்கல. மையித்து இல்லாமயே தொழுவ வச்சோம். அவங்க கண்ணாடிய உங்ககிட்ட..."

துண்டைப் பிரித்தாள். கறுப்பு ரப்பர். வாரில் கத்தியால் கீறிய ஓர் எழுத்து.

ஜு.

அப்படியானால் பத்து நாளைக்கு முன்னால் வந்த அது கொண்டுவந்த கண்ணாடி எது?

வாசலில் முகம் தெரியாமல் நின்றதை அவள்தான் 'என்னங்க' என்றாள். யாரென்று தெரியாத எவரையும் கேட்கிற கேள்வி. புருஷனைக் கூப்பிடுகிற பெயரும் அதுதான். கொடுத்ததை அது எடுத்துக்கொண்டது.

கொல்லைக் கதவு கிறீச்சிட்டது.

"ஆயிஷா?"

முற்றத்தில் யாருமில்லை. ஈரமான காலடிகள். பெரியது இரண்டு. பக்கத்தில் சின்னது இரண்டு. சின்னதும் ஈரமாக.

ஓடினாள். கையில் கண்ணாடியோடு, முக்காடு நழுவி, சுடுமண்ணில் வெறுங்காலோடு.

உச்சி வெயில். கிணற்றடியில் காக்கை கரையவில்லை. படியில் இறங்கினாள். சுவரெல்லாம் நனைந்து மினுங்கியது. அரியலூர்க் கல்லில் பதிந்திருந்த சங்குகள் மெல்ல வாய் திறந்தன. மூடின. திறந்தன.

கீழே தண்ணீரில் இரண்டு தலைகள். குப்புற. அசைவில்லாமல். குமிழி ஒன்றுகூட வரவில்லை.

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பெயரைச் சொன்னாள்.

"நஜீமுதீன்!"

அசைவில்லை. அங்கே இருப்பது அவர் இல்லை என்று தெரிந்தேதான் கூப்பிட்டாள்.

"ஆயிஷா!"

அசைவில்லை.

"ஆயிஷா! அம்மாடி! ஆயிஷா!"

அசைவில்லை.

படியில் சரிந்தாள். வாய் தானாகவே, ஒன்பது வருடப் பழக்கத்தில், முனகியது.

"என்னங்க..."

இரண்டு தலைகளும் ஒன்றாகத் திரும்பின.

இரண்டு முகத்திலும் கண்ணாடி. சின்ன முகத்துக்குச் சின்னதாக, அளவெடுத்த மாதிரி. வார் இல்லை. ரப்பர் இல்லை. தோல் முடிகிற இடத்தில் கண்ணாடி தொடங்கியது.

கண்ணாடிக்கு உள்ளே மூச்சின் ஆவி துளியும் படியவில்லை.